காலை எட்டு மணிக் குளிசை

என் மனைவிக்கு அவளுடைய தம்பி ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். கொடுத்தவர் கூடப்பிறந்தவர் என்பது அவள் உடம்புக்குத் தெரியாது என்றார் டொக்டர். இரத்தத்தில் காவல் திரியும் அணுக்கள் உறவு பார்ப்பதில்லை; உடம்புக்குச் சொந்தமில்லாத எதையும் கிருமியைத் தாக்குவதுபோலத் தாக்கும். அவற்றை அடக்கி வைக்கத்தான் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் குளிசை. நேரம் தவறினால் விழித்துக்கொள்ளும்.

எனக்கு உடனே விளங்கியது. கல்முனையில் அரச அலுவலகக் கதிரையில் நானும் அப்படித்தான் இருந்தேன். அடுத்த வளவுக்காரர் வந்தாலும் மூலப் பிரதி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஓய்வுபெற்றவனுக்கு வேலை கிடைத்தது. அட்டவணை கீறினேன். குளிசை போட்டதும் அவள் சரி அடையாளம் இடவேண்டும். வெள்ளிதோறும் நான் பரிசோதித்துக் கையொப்பமிடுவேன். காவலை அடக்கிய உடம்பில் சாதாரணத் தடிமனும் ஆபத்து என்பதால், சுகம் விசாரிக்க வந்த தும்மல்காரர்களைப் படலையிலேயே திருப்பினேன். ஊர் என்னைப் பற்றிக் கதைத்ததும் தெரியும்.

பிறகு நோன்பு வந்தது. அவளுக்கு நோன்பு கூடாது என்பது டொக்டரின் கட்டளை. நான் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு ஒன்பது மணிவரை தூங்கினேன். எழும்பிப் பார்த்தால் எட்டு மணிக் கட்டத்தில் அழகான சரி இருக்கும். நோன்பாளிக்கு முன்னால் சாப்பிடக்கூடாதென்று குசினிக்குள் சாப்பிடுகிறாள் என நினைத்தேன். இரண்டு வெள்ளி கையொப்பமிட்டேன்.

பதினாறாம் நோன்பன்று பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும், ஈச்சம்பழத்துக்கு என் கைக்கு முன்னால் அவள் கை போனது. அவள் காலைப் பார்த்தேன்; வீங்கியிருந்தது. விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

“எத்தின நோன்பு புடிச்ச?”

“எல்லாந்தான். ரெண்டு குளிசையையும் நோன்பு திறந்து ஒண்டாப் போடுறன். எண்ணிக்கை குறையல்லயே. உங்கட தாள்லயும் சரியாத்தானே இரிக்கி.”

சரியாகத்தான் இருந்தது. கீழே என் கையொப்பமும் இருந்தது.

மறுநாள் காலை இரத்தம் கொடுத்தோம். அறிக்கையைப் பார்த்த டொக்டர் ஏசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. காவல் விழித்துவிட்டது போலிருக்கிறது, எவ்வளவு சேதம் என்பதை வார்ட்டில் வைத்துத்தான் பார்க்கவேண்டும், நாளையே வந்துவிடுங்கள் என்றார்.

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய தம்பி பள்ளிவாசல் கஞ்சியோடு வந்தார். வழமையான பகிடியைத்தான் கேட்டார்.

“என்ட சாமான் எப்பிடி ராத்தா?”

அவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். “நல்லா இரிக்கி.”

அவர் என்னைப் பார்த்தார். மூலப் பிரதி காணாமல் எதையும் உறுதிப்படுத்தாத நான், ஓம் என்று தலையாட்டினேன்.