நான் அழித்த ஆறு வரிகள்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு விஷயம்தான் முன்னால் வந்து நின்றது. அதை எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கேட்க வேண்டியிருந்தது.

கேட்டேன். "எழுதுங்க சார். ஆனா என் பேரும் இப்ப இருக்குற ஊரும் வேணாம்" என்றார்.

அதனால் எண்களையும் இடங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. மாலை ஐந்து மணி இருக்கும். கே.கே. நகரில் இருக்கும் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸுக்கு ஒரு போன். கப்பலூரில் ஒரு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி, அதன் எச்.ஆர். அதிகாரி மங்கையர்க்கரசி மேடம். அந்தக் கம்பெனியின் வேன்களை நிர்வகிக்கும் மென்பொருளை அப்போதுதான் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தோம். ஓட ஆரம்பித்து இரண்டு வாரம்.

"சார், உங்க ஆப்ல யார் எந்த ஸ்டாப்ல இறங்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியுமா?"

பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஆமா மேடம். பதினோரு வேனும் தெரியும். பேரு, ஸ்டாப், டைம்... எல்லாமே. நீங்க கேட்டதுக்கு மேலயே செஞ்சு கொடுத்திருக்கோம்."



"அதை உடனே நிறுத்துங்க சார். எங்க பொண்ணு ஒருத்தி ஆஸ்பத்திரியில கிடக்குறா."

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்ல வேண்டும்.

அந்தக் கம்பெனியில் மூன்று ஷிஃப்ட். தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். யார் எந்த வேனில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்ற பட்டியலை தினமும் ஒரு மென்பொருள் தயாரிக்கும். அதை எழுதியவர் பெரிய கம்பெனி ஆள் அல்ல. கதிரேசன் அண்ணன். வேன்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். தினமும் பேப்பரில் பட்டியல் எழுதி எழுதிச் சலித்துப்போய், யூடியூப் பார்த்து புரோகிராமிங் கற்றுக்கொண்டு தானே எழுதிவிட்டார்.

ஏழு வருடம் ஓடியது. ஒரு நாள்கூட வேன் தவறியதில்லை.

ஆனால் உள்ளே திறந்து பார்த்தால்... எல்லாம் ஒரே ஃபைல். மூவாயிரம் வரிக்கு மேல். டேட்டாபேஸில் தேடுவது, கணக்குப் போடுவது, எஸ்.எம்.எஸ். அனுப்புவது, கேட்டில் ஒட்டும் பட்டியலை அச்சிடுவது எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தது. ஒரு இடத்தில் கை வைத்தால் எங்கே உடையும் என்று அவருக்கே தெரியாது. மொபைல் ஆப் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது அவர் கையை விரித்துவிட்டார். அப்படித்தான் வேலை எங்களிடம் வந்தது.

எங்கள் தொழிலில் 'கிளீன் ஆர்க்கிடெக்சர்' என்று ஒரு முறை உண்டு. பயந்துவிடாதீர்கள், விஷயம் எளிது. ஒரு தொழில் எந்த விதிகளால் ஓடுகிறதோ, அவற்றை நட்டநடுவில் வை. எந்த டேட்டாபேஸ், எந்த எஸ்.எம்.எஸ். கம்பெனி, எந்த ஆப் என்பதெல்லாம் வெளி வட்டம். வெளியே இருப்பது நாளைக்கு மாறலாம். அதனால் நடுவில் இருக்கும் விதி கலங்கக் கூடாது.

நல்ல முறைதான். இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன். சிக்கல் என்னவென்றால், எது விதி, எது குப்பை என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். அந்த யாராவது, நானாக இருந்தேன்.

பழைய புரோகிராமைப் படிக்கும்போது ஓர் இடத்தில் நின்றேன். ஆறே ஆறு வரி. பணியாளர் எண் 1146 என்றால் பட்டியலில் பெயரை அச்சிடாதே. மூன்று ஸ்டாப்களில் ஏதாவது ஒன்றை தினமும் மாற்றி மாற்றி எடு. அந்தத் தகவலை டிரைவருக்கும் அவருக்கும் மட்டும் எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பு.

பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்புகூட இல்லை.

ஒரு தனி ஆளுக்காக விதியா? அதுவும் ஸ்டாப்பைக் குலுக்கல் போட்டு எடுப்பதா? எங்கள் டீமில் எல்லோரும் சிரித்தோம். நான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கம்பெனியில் நடந்த மீட்டிங்கில் திரையில் போட்டேன். 'ஏன் இதைத் திருத்தி எழுத வேண்டும்' என்பதற்கு உதாரணமாக. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதிரேசன் அண்ணனும் இருந்தார்.

"என்னண்ணே இது? வேன்ல சீட்டுக் குலுக்கிப் போடுறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அது இருக்கட்டும் தம்பி. அதை மட்டும் அப்படியே வச்சிருங்க."

"ஏன்னு சொன்னா வச்சுக்கலாம்ணே."

அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "காரணம் இருக்கு. தனியா சொல்றேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காரணம் சொல்ல முடியாத ரூலுக்கு புரோகிராம்ல இடம் இல்லைண்ணே." சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய வசனமாகத் தெரிந்தது. மறுநாள் ஆபீஸில் வேறு இரண்டு பேரிடம் சொல்லிக் காட்டினேன்.

சில மாதம் கழித்து, புதியது தயாரான வாரம் அவரிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. புது சிஸ்டத்தை ஏற்றும் வேலையில் மூழ்கியிருந்தேன். எடுக்கவில்லை. திருப்பியும் கூப்பிடவில்லை.

புது சிஸ்டம் ஓட ஆரம்பித்த மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார்: 'தம்பி, 1146 மேட்டர் புதுசுலயும் இருக்குல்ல?'

அன்றைக்கு எனக்கு வந்த வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவே அதுவும் ஒன்று. வரிசையாக எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போட்டுக்கொண்டே வந்தேன்.

அதற்கும் போட்டேன்.

இனி மங்கையர்க்கரசி மேடம் போனில் சொன்னது. 1146 என்ற எண்ணுக்குரிய பெண், குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து சில வருடங்களுக்கு முன் மகளோடு வெளியேறி வந்தவர். அவர் எங்கே குடியிருக்கிறார் என்று அந்த ஆளுக்குத் தெரியாது. கப்பலூரில் வேலை பார்க்கிறார் என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. கம்பெனி கேட்டில் காவல் உண்டு. உள்ளே வர முடியாது. பதினோரு வேனில் எதில் ஏறுகிறார், எங்கே இறங்குகிறார் என்பது தெரியாததால் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவனுடைய சித்தப்பா மகன் ஒருவன் அதே கம்பெனியில் வேறு ஷிஃப்டில் வேலை பார்த்தான். எங்கள் ஆப்பைத் திறந்தான். பெயரைத் தேடினான்.

அந்தத் திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து, திருநகர் தாண்டி ஒரு ஸ்டாப்பில் அவர் இறங்கியிருக்கிறார். பைக்கோடு அவன் நின்றிருந்தான். பையைப் பிடித்து இழுத்து, அடித்து, கீழே தள்ளியிருக்கிறான். எதிரே இளநீர் விற்கும் அம்மா ஓடிவந்து குறுக்கே நின்றிருக்கிறார். பின்னாலேயே ஆட்டோக்காரர்கள் வந்து அவனைப் பிடித்துப் போலீஸில் ஒப்படைத்தார்கள்.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. நெற்றியில் தையல்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை வெளியிட்டுவிட்டேன்.

போனை வைத்த கையோடு ஆப்பில் பெயரும் ஸ்டாப்பும் தெரியும் பக்கத்தை நிறுத்தினோம். ஐந்து நிமிட வேலை. பிறகு காரை எடுத்துக்கொண்டு கப்பலூர் போனேன். கதிரேசன் அண்ணனை அதற்குள் ஸ்டோர்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். வேன் நிர்வாகம்தான் இப்போது ஆப்பிலேயே நடக்கிறதே. கேன்டீனில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் டீ ஆறிப்போயிருந்தது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் போனை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அவருடைய கேள்வி. அதன் கீழே என் கட்டைவிரல்.

"நீங்க இருக்குன்னு சொன்னீங்க தம்பி. நான் அந்தப் புள்ளகிட்ட, பயப்படாதம்மா, புதுசுலயும் அப்படியேதான் இருக்காம்னு சொல்லிட்டேன்."

போனைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரே ஸ்டாப்பா வருதேண்ணேன்னு நாலு நாள் முன்னாடி கேட்டா. குலுக்கிப் போடுறதுதானம்மா, சில சமயம் அப்படி வரும்னு நான்தான் சொன்னேன்."

தப்பு செய்தவன் நான். குற்ற உணர்ச்சியை அவர் சுமந்துகொண்டிருந்தார்.

"அன்னைக்கு மீட்டிங்லயே காரணத்தைச் சொல்லியிருக்கலாமேண்ணே" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அம்புட்டுப் பேர் முன்னாடி எப்படித் தம்பி சொல்றது? யாருக்கும் தெரிய வேணாம்ணேன்னு அழுதுட்டுக் கேட்ட புள்ள. எச்.ஆர்.கிட்டகூட நான் சொல்லல. பக்கத்துல ரெண்டு வார்த்தை எழுதி வச்சா, அதையும் எவனாவது படிப்பான்ல?"

குறிப்பு எழுதாததற்கு அதுதான் காரணம். அவருக்குக் குறிப்பு எழுதத் தெரியாது என்றல்லவா நான் மீட்டிங்கில் நினைத்தேன்?

மறுநாளே அந்த விதியைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். இந்த முறை ஒரு தனி எண்ணுக்காக அல்ல. யார் வேண்டுமானாலும் தன் ஸ்டாப்பை மறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பட்டியலில் பெயர் வராது, ஸ்டாப் மாறிக்கொண்டே இருக்கும், டிரைவரையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது அது நட்டநடுவில் இருக்கிறது. மேடம் தயாரித்த விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரே ஒருவருக்கான விதிவிலக்கு என்றுதானே இதைக் கேலி செய்தேன்? முதல் மாதமே ஒன்பது பெண்கள் விண்ணப்பித்தார்கள்.

ஒன்பது பேர். இவ்வளவு நாளும் அவர்கள் எப்படி வந்து போனார்கள்? இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்திருப்பார்களா? துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கியிருப்பார்களா? தெரியாது. கதிரேசன் அண்ணனிடம் வந்து சொல்ல ஒருவருக்குத்தான் துணிச்சல் இருந்திருக்கிறது. அவருக்கான விதியைத்தான் நான் குப்பை என்று துடைத்தேன்.

அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று மேடத்திடம் கேட்டேன். நேரில் வேண்டாம், போனில் பேசுகிறேன் என்றாராம். பேசினேன். மன்னிப்பு கேட்பதற்காக இரண்டு மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே திணறினேன்.

"நீங்க வேணும்னு செய்யல, தெரியும் சார்" என்றார். பிறகு, "அண்ணன் அம்புட்டுத் தடவை கூப்பிட்டாராமே. ஒருக்கா எடுத்திருக்கலாம்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

கை சரியானதும் அவர் வேலையை விட்டுவிட்டார். வேறு ஊரில் வேறு வேலை. அதற்கு மேடம்தான் ஏற்பாடு செய்தார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பாதி வருடத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்தச் சிறுமி வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஊரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

போன மாதம் கதிரேசன் அண்ணனை எங்கள் ஆபீஸுக்கு அழைத்தேன். புதிய புரோகிராமை அவர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பகுதியை நிதானமாகப் படித்தார். விரலைத் திரையில் வைத்து வரி வரியாக.

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு வேற எவனாவது வந்து இதை அழிச்சா?"

அழித்தால் என்ன ஆகும் என்று காட்டினேன். அந்த விதியை எடுத்துவிட்டு ஓட்டினேன். அந்த விதி இருக்கிறதா என்று தானாகவே பார்க்கும் ஒரு சோதனையை எழுதி வைத்திருந்தேன்; அது திரையில் சிவப்பாக விழுந்தது. மாற்றிய புரோகிராம் சர்வருக்குப் போகாமல் நின்றுவிட்டது. திரும்ப வைத்தேன். பச்சை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்படியெல்லாம் செய்யலாமா? எனக்கு யாருமே சொல்லித் தரலையே தம்பி."

ஏழு வருடம் தனியாக உட்கார்ந்து அந்த மூவாயிரம் வரியைக் கட்டிக் காத்தவர். அந்த மீட்டிங்கில் நான் திரையில் போட்டுச் சிரித்த நேரத்தில் இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவரும் என்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பார்.

கிளம்பும்போது, "சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வாங்கண்ணே. நாங்க புதுசா எடுக்குற வேலை ஒவ்வொண்ணையும் உங்ககிட்ட காட்டணும்" என்றேன்.

"வாரேன் தம்பி" என்றார்.

மூன்று சனிக்கிழமை போய்விட்டது. இன்னும் வரவில்லை.

வருவார் என்றுதான் நினைக்கிறேன். வராவிட்டாலும், அதில் நியாயம் இருக்கிறது.