கெர்டா தைத்த கவுன்

சதுரங்கப்பட்டினத்து ரெபேக்காளுக்கு மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அறை சுத்தம் செய்கிற வேலை. டிசம்பர் பிறந்தால் ஸ்வீடனிலிருந்து வயசாளிகள் கூட்டம் ஒன்று அங்கே வந்து இறங்கும். மத்தியானமே இருட்டிவிடுகிற ஊராம் அவர்களுடையது. வெயிலைத் தேடி இவ்வளவு தூரம் ஓடிவருகிற மகராசர்கள், அந்த இருட்டுக்கென்று வைத்திருக்கிற பண்டிகையை மட்டும் விட்டுவிட்டு வரமாட்டார்கள். பதின்மூன்றாம் தேதி விடியுமுன் லூசியா. லூசியாவாக வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண், தலையில் மெழுகுவத்திக் கிரீடத்தோடு முன்னே நடப்பாள். மற்றவர்கள் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள்.

கூட்டத்தில் சிறுபெண் யாரும் கிடையாது. அதனால் ரெபேக்காளின் ஒரே மகள் ஜெனிட்டாதான் சின்ன வயதிலிருந்தே அவர்களுக்கு லூசியா. கெர்டா என்ற கிழவி வருஷா வருஷம் அவளுக்குக் கவுன் தைத்துக் கொண்டுவருவாள். ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாமலே ஜெனிட்டா பாட்டு முழுவதையும் பாடித் தள்ளுவாள். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

இந்த ஆகஸ்டில் ஒரு பாழாய்ப்போன காய்ச்சல் வந்து ஜெனிட்டாவைக் கொண்டுபோய்விட்டது. கல்யாணம் ஆகாத பெண்ணை மணப்பெண் மாதிரி வெள்ளை உடுத்தி, கிரீடம் வைத்து அடக்கம் செய்வது ரெபேக்காளின் சபையார் வழக்கம். புதிதாகத் தைக்க ஏது நேரம்? பீரோவிலிருந்த லூசியா கவுனைத்தான் ரெபேக்காள் எடுத்துக் கொடுத்தாள்.

டிசம்பர் வந்தது. கூட்டமும் வந்தது. சூப்பர்வைசர் லோகநாயகி முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

"அக்கா, சந்தோஷமா இருக்க வந்த ஜனங்க. அவங்ககிட்ட போய் இதச் சொல்லிகினு இருக்காத. பொண்ணு ஹாஸ்டல்ல கீதுன்னு சொல்லிக்கலாம்."

ரெபேக்காள் தலையாட்டினாள். அவளுக்கும் அதை வாய்விட்டுச் சொல்லத் தெம்பில்லை.

கெர்டா வந்ததும் வராததுமாக ஜெனிட்டாவைத்தான் கேட்டாள். லோகநாயகி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஹாஸ்டல் கதையைச் சொன்னாள். கிழவியின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் பெட்டியைத் திறந்து புதுக் கவுனை எடுத்து ரெபேக்காள் கையில் கொடுத்தாள். அதன் கீழ்விளிம்பைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றாங்க?"

"பொண்ணு வளந்திருக்கும்னு இந்தவாட்டி நீளமா தச்சாங்களாம். ஹாஸ்டலுக்கு அனுப்பச் சொல்றாங்க."

ரெபேக்காள் கவுனை உதறி, தன் தோளில் வைத்துப் பார்த்தாள். கரண்டைக்குக் கீழே வந்தது. அவ்வளவுதான், அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"போன வருசத்துக் கவுன்ல பொதச்சேம்மா. எட்டவே இல்ல. காலு தெரியத் தெரிய என் கொழந்தய பொதச்சிட்டேன்."

கெர்டா ஒன்றும் புரியாமல் லோகநாயகியைப் பார்த்தாள். லோகநாயகியும் அழுதுகொண்டிருந்தாள்.