குறையாத வெள்ளணுக்கள்

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய சமயம். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்த்தேன். மெஷின் எல்லாம் கிடையாது. கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் ரத்தத்தை விட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெள்ளணுக்களை எண்ண வேண்டும். மத்தியானத்துக்குள் கழுத்து கடுக்கும்.

செட்டிகுளத்திலிருந்து ஒரு அம்மா கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்கு வந்தார். பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளணு அவருக்குப் பதினாறாயிரத்தைத் தாண்டியது. சிறுநீரும் நெஞ்சுப் படமும் சுத்தமாக இருந்தன. எங்கே கிருமி என்று தெரியாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் டாக்டர். மூன்று நாள் கழித்துப் பார்த்தேன். இன்னும் கூடியிருந்தது.

அவருடைய வீட்டுக்காரர் லேப் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, வெள்ளிக்கிழம நாள் குறிச்சாச்சு. கொஞ்சம் கொறச்சு எழுதிக் குடேன்."

"அப்படியெல்லாம் எழுதக் கூடாதுங்கய்யா. உள்ள கிருமி பூந்துருக்கு, அதான் வெள்ளணு கூடுது."

"பூந்தது அதுங்களுக்கு யாரு சொன்னாங்க?"

நல்ல கேள்விதான். உட்கார வைத்துச் சொன்னேன். தோலுக்கு அடியில் நம் அணுக்கள் சில எப்போதும் இருக்கும். கிருமியின் மேற்புறம் நம் உடம்பைப் போல இருக்காது. தொட்டதுமே அவற்றுக்கு அது தெரிந்துவிடும். உடனே ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். அது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரைக்கும் போகும். அங்கிருந்து வெள்ளணுக்கள் கிளம்பி வரும்.

அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப கோளாறு எலும்புலதான்னு சொல்ற?" என்றார்.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது தடவை ரத்தம் எடுக்க அந்த அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இடது குதிகாலை ஊன்றவில்லை.

"கால்ல என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி, முள்ளு. மஞ்சப் பத்து போட்டிருக்கேன்."

"எப்பத்துலேருந்து?"

"வெங்காயம் நட்டப்பக் குத்துச்சு."

"எங்கயாவது வலிக்குதான்னு டாக்டர் கேட்டாரே!"

"அவரு வவுத்தத் தடவிக்கிட்டுத்தானே கேட்டாரு? வவுறு வலிக்கலன்னேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நர்ஸ் காலில் கட்டியிருந்த துணியைப் பிரித்தார். குதிகால் சிவந்து வீங்கி, தொட்டால் கொதித்தது. டாக்டர் வந்து கீறிவிட்டதும் சீழ் வழிந்தது. அதற்குப் பின்னால் சீமைக்கருவேல முள் ஒன்று, உடைந்த முனையோடு. அந்தச் சீழ் முழுக்க என்னவென்று எனக்குத் தெரியும். நான் இரண்டு தடவை எண்ணிய வெள்ளணுக்கள்தான், வேலையை முடித்துச் செத்துக் கிடந்தன.

"வூட்டுல என்கிட்டயாவது சொன்னியாடி?" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"நீ கேட்டியா?"

பத்து நாள் மாத்திரை சாப்பிட்ட பிறகு எண்ணிக்கை எட்டாயிரத்துக்கு வந்தது. அடுத்த வாரமே ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

அதன்பிறகு, வெள்ளணு கூடி வருகிறவர்களையெல்லாம் கையையும் காலையும் காட்டச் சொன்னேன். வரிசை நீண்டது. "லேபுல உக்காந்துகிட்டு எதுக்கும்மா ஊரார் காலைப் பாக்குற?" என்று டாக்டர் சத்தம் போட்டார். நீங்கள் பார்க்காததால்தான் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.