பச்சைக் குடைக்காரர்

சட்டசபைத் தேர்தலுக்கு நின்ற அவர் எங்களுக்காகப் பேசுகிறவர் என்பதால், தேயிலைத் தோட்டத்துக்குள் விடக்கூடாதென்று துரை உத்தரவு போட்டிருந்தார். தெரணியகலை ரோட்டில், தோட்ட எல்லைக்கு ஒரு சாண் வெளியே, வெயிலோ மழையோ பச்சைக் குடை பிடித்தபடி நிற்பார். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிற ஓட்டுப்பெட்டி, அவருக்குப் பச்சை.

கொழுந்துக் கூடையோடு போன நான், "உள்ள வந்து பேசாம எப்படிங்க ஜெயிப்பீங்க?" என்றேன்.

"அதான் உங்க கங்காணி பேசுறாரே, ஆத்தா."

எனக்கு விளங்கவில்லை. மலையேறியதும் கங்காணி வழக்கம்போலக் கத்தினார்: "முத்தல் இலை வேணாம்! பச்சையாப் பாத்துப் போடுங்க!"

கொழுந்து பறித்த நிரை முழுக்கச் சிரித்தது. கோபம் வந்த கங்காணி, தேர்தல் நாள்வரை அதையே இன்னும் உரக்கக் கத்தினார்.

பச்சை அந்தக் குடைக்காரருக்குத் தானாக வந்ததா, கேட்டு வாங்கினாரா என்பதுதான் இன்றும் தெரியவில்லை.