விஷமில்லாத பாம்பைப் பிடித்த காலை

“நவம்பர் 11, திங்கள். காலை 7.05. தர்மபுரம், வாய்க்காலடி வீடு. விதைநெல் மூட்டைக்குப் பின்னால். நீளம் 43 சென்ரிமீற்றர். விஷமற்றது. குறிப்பு: வீட்டுக்காரிக்கு விடியப்புறம் தொடக்கம் வயிற்றுக்குத்து. இரவுச் சாப்பாடு பிட்டும் கருவாட்டுக் குழம்பும்.”

இது என் பாம்புக் கொப்பியில் நானே எழுதிய பதிவு. கிளிநொச்சிப் பக்கத்து வீடுகளில் பாம்பு பிடிப்பதைத் தொழிலாக எடுத்த நாள் முதல், பிடித்த ஒவ்வொன்றுக்கும் திகதி, இடம், நீளம், இனம் எழுதி வருகிறேன். இந்தத் தொழிலுக்கு வர விரும்புபவர்கள் கொப்பியைக் கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுகிறேன்.

1. மூட்டைக்குப் பின்னால்

அன்று தொலைபேசியில் அழைத்தவர் சிவநேசன். இரண்டு ஏக்கர் வயல் செய்பவர். விதைப்புக் காலம் என்பதால் நெல் மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கியிருந்தார். அவர் மனைவி கமலா காலையில் கூட்டும்போது மூட்டைக்குப் பின்னால் பாம்பைக் கண்டிருக்கிறா. கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்கள்.

“அண்ணை, கட்டுவிரியன் போலை கிடக்கு. கெதியா வாங்கோ.”

நான் போனபோது பாம்பு அங்கேயே சுருண்டு கிடந்தது. கொக்கியால் இழுத்து, பையின் வாயை விரித்து, இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டேன். கட்டுவிரியன் அல்ல. புத்தகங்களில் ஓநாய்ப் பாம்பு என்று இருக்கும், பல்லி தேடி வீட்டுக்குள் வருவது. பார்வைக்குக் கட்டுவிரியனைப் போலவே இருக்கும்; விஷம் கிடையாது.

முற்றத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் விளக்கத் தொடங்கினேன். கழுத்தடியிலேயே வளையம் தொடங்கி வாலை நோக்கி மங்கினால் இது. கழுத்துப் பகுதி வெறுமையாக இருந்து வாலை நோக்கி வளையம் தெளிவானால் கட்டுவிரியன். முதுகின் நடுவரிசைச் செதில் கட்டுவிரியனுக்குப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். தொலைபேசியில் படமும் காட்டினேன். கால் மணி நேரம் போயிருக்கும்.

கமலா கதவடியில் வயிற்றைப் பிடித்தபடி நின்றா.

“அண்ணை, விடியப்புறம் தொடக்கம் வயிறு குத்துது. எழும்பேக்கை முழங்கையிலை நுளம்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி. பாயிலைதான் படுத்தனான். இது கடிச்சிருக்குமோ? ஆஸ்பத்திரிக்குப் போகவேணுமோ?”

நான் கையைப் பார்த்தேன். வீக்கமில்லை, இரத்தமில்லை.

“இது கடிச்சாலும் ஒண்டும் செய்யாது தங்கச்சி. பயப்பிடாதேங்கோ.”

பக்கத்து வளவுக்காரர் விடவில்லை. “கமலா, உன்ரை கருவாட்டுக் குழம்புதான் விஷம். பாம்பு பாவம்.”

எல்லோரும் சிரித்தோம். கமலாவும் சிரித்தா. எனக்குத் தேத்தண்ணி தந்தா. அதைக் குடித்துக்கொண்டுதான் மேலே உள்ள பதிவை எழுதினேன்.

2. ஒன்பது இருபது

ஒன்பது இருபதுக்கு சிவநேசன் திரும்பத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, அவாவுக்குக் கண் திறக்கேலாமல் கிடக்கு. இமை விழுகுது. எச்சிலும் விழுங்கேலாதாம்.”

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியும் இராது, வீக்கமும் இராது. வயிற்றுக்குத்து வரும். பிறகு இமை விழும். பிறகு மூச்சு. இவ்வளவும் எனக்குத் தெரியும். பல பள்ளிக்கூடங்களில் நின்று சொல்லியிருக்கிறேன்.

“உடனை ஓட்டோவிலை ஏத்துங்கோ! பாம்பு கடிச்சதெண்டு சொல்லுங்கோ!”

“நீங்கள் விஷமில்லை எண்டனீங்களே?”

“அது வேறை பாம்பு, சிவநேசன். போங்கோ!”

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்கு மெசின் பூட்டினார்கள். நாலாம் நாள், நவம்பர் 14 பின்னேரம், கமலா செத்துப்போனா. முப்பத்தாறு வயது.

கட்டுவிரியன் மற்றப் பாம்புகளைத் தின்னும். பல்லிக்காக ஓநாய்ப் பாம்பு வரும் வீட்டுக்கு, அதைத் தேடிக் கட்டுவிரியனும் வரலாம். இதையும் அன்று காலை முற்றத்தில் நின்றவர்களில் நான் ஒருவன்தான் அறிந்திருந்தேன். பைக்குள் ஒரு பாம்பு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். கேள்வி கேட்ட கமலாவின் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

3. எட்டுச் செலவு

செத்தவீட்டுக்குப் போனேன், ஆனால் சிவநேசனுக்குக் கிட்டப் போகவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அவரே வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“அண்ணை, நீங்கள் பொய் சொல்லேல்லை. நீங்கள் பிடிச்ச பாம்பு விஷமில்லாததுதான்.”

“ஓம்.”

“ஆனா அவா பாம்பைப் பற்றிக் கேக்கேல்லை. தன்னைப் பற்றித்தான் கேட்டவா.”

அவர் எழும்பிப் போய் வந்தவர்களுக்குச் சோறு போட்டார். எனக்கும் போட்டார்.

அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டைத் தேடினேன். சிவநேசன் தடுக்கவுமில்லை, கூட வரவுமில்லை. மூட்டைகள் அத்தனையையும் வெளியே எடுத்தேன். தேங்காய்ப் பொச்சுமட்டைக் குவியலைப் பிரித்தேன். சுவரோர எலிப் பொந்துகளைத் தோண்டினேன். கழற்றிய பாம்புச் செட்டைத் துண்டு ஒன்று கிடைத்தது. முதுகுப் பக்கம் முழுக்கக் கிழிந்திருந்ததால் நடுவரிசைச் செதிலைப் பார்க்க முடியவில்லை.

4. மாங்குளத்துக் கடை

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் கொக்கியை எடுக்குமுன் கேட்கிறேன்: “ஆருக்கும் சுகமில்லையோ? ஆர் நிலத்திலை படுத்தது?” போன வருடம் மாங்குளத்தில் ஒரு கடைக்காரர் வயிறு எரியுது என்றார். பாம்பைப் பெட்டிக்கடியில் விட்டபடியே அவரை ஓட்டோவில் ஏற்றினேன். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு வெறும் வாய்வு என்று அனுப்பினார்களாம்.

“பாம்பு பிடிக்க வந்த மனிசன் என்னைப் பிடிச்சு ஆஸ்பத்திரியிலை போட்டிட்டார்” என்று அவர் இன்றும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். சிரிக்க அவர் இருக்கிறார்.

இந்தத் தொழிலில் நான் படித்தது இதுதான்: பிடித்த பாம்பின் பெயரை மட்டும் சொல்லலாம். கடித்த பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது. கடியோ, கடி என்ற சந்தேகமோ இருந்தால் ஆள் முதலில் ஆஸ்பத்திரிக்கு, பாம்பு பிறகு.

காலை ஏழு மணிக்கே கொண்டுபோயிருந்தால் கமலா பிழைத்திருப்பாவா என்று டொக்டரிடம் கேட்டேன். “சொல்லேலாது” என்றார். கமலாவைக் கடித்தது கட்டுவிரியன் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த வீட்டில் இரண்டாவது பாம்பொன்றை நானோ வேறெவருமோ காணவில்லை. ஆகவே அது இன்னும் உறுதிப்படுத்தப்படாத தகவல்.