உருளை மேல் ஓட்டிய அவிநாசி ரோடு

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு, முனி, காத்துக் கருப்பு எதையும் நான் நம்பினவன் இல்லை. எங்கள் தெருவில் யாராவது தலையை விரித்துப் போட்டு ஆடினால், "ரெண்டு நாளைக்கு ஒழுங்கா சோறு போடுங்க, எறங்கீரும்" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். அதனால்தான் இதை ஒருவனைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், சொன்னால் என்னையே ஆடுகிறான் என்பார்கள்.

ஐம்பதுகளின் கடைசி. கோயமுத்தூரில் ஒரு மில்லில் நான் பதிலி. பதிலி என்றால் தெரியுமல்லவா, காலையில் தூக்குப்போசியோடு கேட்டில் போய் நிற்க வேண்டும், நிரந்தர ஆள் யாராவது அன்றைக்கு மட்டம் போட்டால் நமக்கு வேலை, இல்லாவிட்டால் அப்படியே வீட்டுக்கு. கல்யாணமாகி, சரசு வாயும் வயிறுமாக இருந்தாள். திரும்பி வரும் நாளில் அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், தூக்குப்போசியை வாங்கித் திறந்து பார்ப்பாள், சோறு அப்படியே இருந்தால் தெரிந்துகொள்வாள். அதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எங்கள் முதலாளிக்கு சைக்கிள் ரேஸ் என்றால் பைத்தியம். வருஷா வருஷம் தை மாதம் மில் கேட்டிலிருந்து அவிநாசித் தேர் வரைக்கும் ரேஸ். எல்லாரையும் ஒன்றாக விட மாட்டார், ஒவ்வொருவராக விடுவார், கடிகாரத்தோடுதான் போட்டி, பக்கத்தில் ஆள் கிடையாது. அந்த வருஷம் ஜெயிக்கிற பதிலிக்கு வேலை நிரந்தரம் என்று அறிவித்துவிட்டார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. ரோட்டில் முழங்கால் சேறு, எங்கே ஓட்டிப் பழகுவது? மிஷின் பூட்ட வந்திருந்த ஒரு வெள்ளைக்காரன்தான் வழி சொன்னான். அவன் ஊரில் பனி பெய்தால் வீட்டுக்குள்ளேயே உருளை மேல் ஓட்டுவார்களாம். கழித்துப்போட்ட மிஷின் உருளை மூன்றை மரச்சட்டத்தில் பூட்டினோம், பின் சக்கரத்துக்கு இரண்டு, முன் சக்கரத்துக்கு ஒன்று. அதன்மேல் சைக்கிளை ஏற்றி மிதித்தால் சக்கரம் பறக்கும், ஆள் இருந்த இடத்திலேயே இருப்பான். பஞ்சு குடோனில் ஒரு மூலையை மேஸ்திரி விட்டுக்கொடுத்தார். ஆனால் ஒன்று, அதில் ஏறிவிட்டால் தலையைத் திருப்பக் கூடாது. கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தாலும் சக்கரம் நழுவி மூக்கு உடையும், எனக்கு இரண்டு தடவை உடைந்தது.

வேலு இல்லாவிட்டால் நான் ஒரு வாரத்தில் விட்டிருப்பேன். வேலுவும் பதிலிதான், சென்னிமலைக்காரன். மில்லுக்கு வரும் முன்னால் பெட்ஷீட் மூட்டையை சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்த ரோட்டில் போய் வந்தவன். அவன் என் முதுகுக்குப் பின்னால் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு ரோட்டைச் சொல்வான். "ரயில்வே கேட்டுங்ணா... இனி மேடுங்ணா, மெதிங்க மெதிங்க... ஜின்னிங் பேக்டரி வந்தாச்சு, காத்து எதுக்க அடிக்குது, குனிஞ்சுக்குங்க." ஜின்னிங் ஃபேக்டரி தாண்டி ஓடைப்பாலம், அப்புறம் நேராக அவிநாசி. நம்பினால் நம்புங்கள், பத்துப் பதினைந்து நாளில் என் கால் என் பேச்சைக் கேட்பதை விட்டு அவன் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. மேடு என்றால் தொடை தானாக இறுகும்.

அன்றைக்குப் பட்டப்பகல், மழை மட்டும் கொட்டுகிறது. உருளையில் ஒரு பேரிங் கத்துகிறது என்று வேலு உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தான். சாரல் அடிக்கிறதே, பஞ்சு நனைந்தால் மேஸ்திரி என்னை உரித்துவிடுவார் என்று கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு நானே ஏறி மிதித்தேன். தகரக் கூரையில் மழைச் சத்தம். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து, "மில்லு கேட்டுங்ணா, கெளம்பியாச்சு" என்று வேலு குரல். வந்துவிட்டானா என்று நினைத்தேனே தவிர தாழ்ப்பாள் ஞாபகமே வரவில்லை. மிதிக்கிறவனுக்கு மூளை காலில்தான் இருக்கும்.

ரயில்வே கேட் சொன்னான், மேடு சொன்னான், ஜின்னிங் ஃபேக்டரி சொன்னான். அங்கே ஒரு சின்ன இடைவெளி. பிறகு, "ஓடைப்பாலம் வருதுங்ணா. எறங்கீருங்க" என்றான்.

"என்னடா?" என்றேன்.

"எறங்கி நடந்துருங்ணா. பாலத்த மட்டும் நடந்துருங்க."

"ஏண்டா, ரேசுல எவனாச்சும் எறங்கி நடப்பானா? கிறுக்குப் புடிச்சவனே!"

"நடந்துருங்ணா" என்று மறுபடியும். கிண்டல் இல்லை அதில், கெஞ்சல். தூணைப் பிடித்து நிறுத்தித் திரும்பினேன். மூட்டை மேல் யாரும் இல்லை. கதவில் நான் போட்ட தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

வெகு நேரம் கழித்து வேலு வந்து கதவைத் தட்டினான், கோழிக்குஞ்சு மாதிரி நனைந்து நடுங்கிக்கொண்டு. உக்கடத்தில் குளத்துத் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டதாம், பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்ததாம். வேப்பிலைக்காரர்களைக் கேலி பண்ணியவன், குரல் கேட்டதை எந்த வாயால் சொல்வேன்? பசியில் மண்டை சூடாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலு சொல்லிச் சொல்லி ஊறிப்போன ரோடு, அவன் இல்லாவிட்டாலும் காது கேட்கத்தானே செய்யும்.

தை வந்தது, ரேஸும் வந்தது. நான் அன்றைக்கு ஓட்டியதை இனி எவனும் ஓட்ட முடியாது, பெருமைக்குச் சொல்லவில்லை. ஜின்னிங் ஃபேக்டரி வாசலில் கடிகாரத்தோடு நின்ற ஆள், "நீங்கதானுங்க முன்னால, உடாதீங்க!" என்று கத்தினார். சரசு முகம்தான் கண் முன்னால். நிரந்தரம், நிரந்தரம் என்றுதான் பெடல் சுற்றுகிறது.

ஓடைப்பாலம் வந்தது. வெயில், காய்ந்த ரோடு, பாலத்தில் ஈ காக்கை இல்லை. குரலும் கேட்கவில்லை, சத்தியமாக ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் என் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது. இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஏறுடா ஏறுடா என்று எனக்குள்ளேயே கத்துகிறேன், கால் நடக்கிறது. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "ஏனுங், பஞ்சருங்களா?" என்று கேட்டார். பாலம் முடிந்தது, ஏறினேன், அவிநாசி வரை உயிரைக் கொடுத்து மிதித்தேன்.

தோற்றேன். பாலத்தில் நடந்த நேரத்தைவிடக் குறைவான வித்தியாசத்தில் தோற்றேன். எனக்குப் பின்னால் வந்தவன் அதே பாலத்தில் பறந்து வந்து ஜெயித்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிரந்தரமாகி, பிள்ளைகுட்டி பெற்று, நன்றாக இருந்தான். பாலமும் இடியவில்லை. ஏதாவது நடந்திருந்தால் தெய்வம் காப்பாற்றியது என்று விழுந்து கும்பிட்டிருப்பேன், அதற்கும் வழியில்லை.

தேர் நிழலில் உட்கார்ந்து அழுதேன். வேலு வந்து, நான் பாலத்தில் இறங்கி நடந்ததைக் கேட்டதும், "கையில இருந்தத கெடுத்துப்போட்டீங்களே, ஏனுங்ணா எறங்குனீங்க?" என்று என்னைவிட அதிகமாக அழுதான். எனக்கு ஆத்திரம். "நீதானடா சொன்னே, மழையன்னைக்கு, குடோன்ல!" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரிப்பான் என்று பார்த்தால் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அன்னைக்கு உக்கடத்துல கடை ஓரமா ஒதுங்கி நின்னேனுங்ணா" என்றான். "நீங்க தனியா மெதிச்சுட்டு இருப்பீங்களேன்னு மனசு கேக்கல. அங்கயே நின்னு ரோட்ட வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்துல இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. மில்லு கேட்டு, ரயில்வே கேட்டு, மேடு, ஜின்னிங் பேக்டரி..."

"அப்புறம்?"

"அப்புறம் பஸ்ஸு வந்துருச்சுங்ணா. பாலம் சொல்றதுக்குள்ள ஏறீட்டேன்."