தூக்கப் பழகியவர்கள்

எங்கள் தொழிலில் முதல் நாளே உண்மையான காரணத்தைச் சொல்கிறவர்கள் குறைவு. "தொப்பை குறையணும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மலையாள மண்ணில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி ஜிம்மில், புதிதாக எடை தூக்க வருகிறவர்களுக்கு நான்தான் பயிற்சியாளர். முதல் நாள் ஆர்வத்தில் கண்டபடி தூக்கிவிட்டு மறுநாள் படி இறங்கமுடியாமல் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாமெல்லாம் ஒரே ஜாதி.

வெறும் கம்பி

முருகனுக்குத் தென்காசிப் பக்கம். இங்கே கட்டட வேலை. சிமெண்ட் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்து, படுத்த படுக்கையாகக் கிடந்து தேறியவர். டாக்டர் அனுப்பித்தான் வந்தார். எடைத் தட்டு மாட்டாத வெறும் கம்பியைக் காட்டினேன். "இதையா?" என்று முகம் சுருங்கியது. குனிந்தார், முதுகு அப்படியே வளைந்தது.

நிறுத்தினேன். இடுப்பைப் பின்னால் தள்ளி, கம்பியைக் காலோடு ஒட்டிக் கொண்டுவரச் சொன்னேன். இந்தமுறை வலிக்காமல் நிமிர்ந்தார். கம்பியைக் கீழே வைக்காமல் இன்னொரு முறை அதேபோல் குனிந்து நிமிர்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சின்னதுலேர்ந்து சுமக்கேன்க்கா. எப்படித் தூக்கணும்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

மாமியின் காரணம்

விசாலம் மாமிக்கு ஊரின் பழைய கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் வீடு. அறுபதைத் தாண்டியவர். மகளின் பழைய சுடிதாரில் வந்து, "முட்டி வலிக்குத்தான்" என்றார். சில வாரம் கழித்து, பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேட்டார்: "கீழே விழுந்து கிடக்கற மனுஷாளைத் தூக்கறதுக்கு ஏதாவது சொல்லித் தருவியா?"

அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. ஒருநாள் குளியலறையில் சறுக்கிவிட்டார். மாமியால் அசைக்க முடியவில்லை. தெருவுக்கு ஓடி, போகிறவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். "முன்னபின்ன தெரியாதவா வந்து தூக்கறச்சே, அவர் கண்ணை இறுக்க மூடிண்டுட்டார், செல்வி."

சாத்திய கதவு

மனித உடம்புக்குக் கைப்பிடி கிடையாது. விழுந்தவரை எப்படிப் படிப்படியாக எழுப்புவது என்பதை மாமியின் கணவருக்குச் சிகிச்சை தந்த பிசியோதெரபிஸ்ட் மாமிக்குக் கற்றுக்கொடுத்தார். அதற்கான பலத்தைக் காலிலும் முதுகிலும் ஏற்றுவது என் வேலை. மணல் மூட்டையை மார்போடு அணைத்து எழுந்து பழகினார் மாமி. மூச்சு வாங்கும், கண் கலங்கும், நிறுத்தமாட்டார்.

ஒரு மத்தியானம் மாமியிடமிருந்து போன் வந்தது. கணவர் கட்டிலருகே விழுந்துவிட்டாராம். அடி இல்லை என்று பார்த்து, உட்காரவைத்து, அவருடைய நல்ல கையை நாற்காலியில் ஊன்றச் சொல்லி, பின்னாலிருந்து மாமியே எழுப்பிவிட்டார். "அவர் உன்கிட்டப் பேசணுமாம்" என்று போனை அவரிடம் கொடுத்தார். குழறிய குரல், சொல் சொல்லாக வந்தது: "தெருக்கதவு... சாத்தியேதான்... இருந்தது, கேட்டியா."

அதற்கப்புறம்

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு காலையில் மாமி படியேறி வந்தார். "இனி இவ்வளவு கனம் வேண்டாமே மாமி, சும்மா நடந்தால் போதும்" என்றேன்.

மாமி தட்டுகளை எடுத்துக் கம்பியில் மாட்டினார். மூச்சை இழுத்து, தூக்கி, சத்தமில்லாமல் இறக்கி வைத்தார். அப்புறம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துச் சொன்னார்: "கை கனத்துக்குப் பழகிடுத்து. சும்மா வச்சுக்கத் தெரியலை."

எத்தனை கிலோ என்று ஒவ்வொரு தட்டிலும் அச்சடித்துத்தான் விற்கிறார்கள். வருகிறவர் எதைத் தூக்க வருகிறார் என்பதை மட்டும் நாமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.